மாதிரிக் கடிதத்தை மூடி வையுங்கள்

வணக்கம் மக்களே. பின்னால் தடதடவென்று கேட்பது தட்டச்சு இயந்திரம் இல்லை, தக்கலை மழை. எங்கள் தட்டச்சுப் பயிலகத்துக்குத் தகரக் கூரை, அதனால் கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறேன்.

சென்ற வாரம் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். தமிழ் தட்டச்சு இளநிலையில் முதல் வகுப்பில் தேறியவள். குரூப் 4 எழுதப் போகிறாளாம். "டீச்சர், கை ஓடவில்லை" என்றாள். உட்காரவைத்தேன். 'யளனகபக' வரிசை தானாக ஓடியது. சரி, ஓர் அலுவலகக் கடிதம் அடி என்றேன். 'அனுப்புநர்' வந்தது, 'பெறுநர்' வந்தது, பிறகு விரல்கள் விசைகளுக்கு மேலே அப்படியே நின்றுவிட்டன. எதைப் பற்றிய கடிதம் என்று சொல்லும் 'பொருள்' முதலா, முந்தைய கடிதத்தைச் சுட்டும் 'பார்வை' முதலா? உருளையை ஒரு வரி ஏற்றினாள், இறக்கினாள், என் முகத்தைப் பார்த்தாள்.

தப்பு என்னுடையதுதான். அன்றைக்கு இளநிலைத் தேர்வு நெருங்கியதும் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று உட்காரவைத்தேன். மாதிரிக் கடிதத்தைப் பக்கத்திலேயே விரித்து வைத்து முப்பது தடவை அடிக்கவும் விட்டேன். முப்பது தடவையும் அவள் கண்தான் வேலை செய்தது.

பிரிட்டனில் அஞ்சல் ஊழியர்களுக்கு விசைப்பலகை பழக்கியபோது பேட்லி, லாங்மன் என்ற ஆய்வாளர்கள் இருவர், ஒரு நாளில் எவ்வளவு நேரம் பழகினால் நல்லது என்று சோதித்து 1978இல் வெளியிட்டார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மணிக்கணக்கில் தேறினார்கள். நாட்கள் மட்டும் கூடுதலாகப் பிடித்தன. வேடிக்கை என்னவென்றால், பயிற்சி பிடிக்கவில்லை என்று அதிகம் குறைப்பட்டவர்களும் அந்த ஒரு மணி நேரக்காரர்களே! எனக்கு இது புதிதில்லை. "ஒரு மணி நேரத்துக்கா இவ்வளவு ஃபீஸ்?" என்று இங்கேயும் அப்பாமார் கேட்கத்தான் செய்கிறார்கள்.

இன்னோர் ஆய்வு, ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் செய்தது. ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42தான். தேர்வுக்கு முந்தைய நாள் பிள்ளைகள் முகத்தில் தெரியும் தெம்பு, அந்த ஐந்து நிமிடத் தெம்புதான் போலிருக்கிறது.

இப்போது மாதிரிக் கடிதங்கள் என் மேசை இழுப்பறைக்குள் இருக்கின்றன. வெற்றுத்தாளில் முதலில் பென்சிலால் கடிதத்தின் அமைப்பை வரைய வேண்டும். திணறினாலும் ஐந்து நிமிடம் வாய் திறக்க மாட்டேன். பிறகு மாதிரியைக் கொடுத்து, தப்பிய இடத்தை அவர்களையே சிவப்பு மையால் சுழிக்கச் சொல்வேன். இரண்டு நாள் கழித்து அதே கடிதம், பிறகு ஒரு வாரம், பிறகு ஒரு மாதம். நடுவில் அறிக்கை, அட்டவணை என்று வேறு வேலை. நன்றாக மறந்துபோன பிறகு கேட்டாலும் அவ்வளவு பிரயோசனமில்லை, மறப்பதற்குச் சற்று முன்னால் கேட்க வேண்டும். அந்த நாளைப் பிள்ளைக்குப் பிள்ளை பார்த்துத்தான் பிடிக்க முடிகிறது.

அந்தப் பெண் நேற்று மறுபடி வந்தாள். தாளைக் கொடுத்தேன். பொருள், பார்வை இரண்டும் அதனதன் இடத்தில் வந்துவிட்டன, 'நகல்' மட்டும் விடுபட்டிருந்தது. அவளே சுழித்துவிட்டு, அடுத்த வியாழக்கிழமையைக் காலண்டரில் குறித்துக்கொண்டு போனாள்.

மழை விட்டுவிட்டது. நான்கு மணி பேட்ச் செருப்பைக் கழற்றுகிறது, கேமராவை அணைக்கிறேன்.