பழைய கேஸ் மாஸ்க்கை வாங்கலாம், முகத்தில் மாட்டாதீர்கள்!

வணக்கம் மக்களே. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஷார்ட்ஸ் வீடியோ போட்டிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? கார் டிக்கியில் பழைய பொருள் வைத்து விற்கும் கார் பூட் சந்தையில் 15 பவுண்டுக்கு வாங்கிய கறுப்பு ரப்பர் கேஸ் மாஸ்க்கை, அதாவது விஷவாயு முகமூடியை, மாட்டிக்கொண்டு, மூச்சு விடும்போதெல்லாம் கன்னத்தோரம் ‘புர்ர்’ என்று சத்தம் எழுப்பினேனே, அதுதான். அந்த வீடியோவை இப்போது நீக்கிவிட்டேன். அதைப் பார்த்த மறுநாளே, மியூசியத்தில் வேலை பார்க்கிற ஒரு அக்கா போன் செய்து, “தம்பி, அந்த மாஸ்க்கின் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது.

அந்த மாஸ்க் இதோ, மேஜையில், இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் இருக்கிறது. இன்று வெளியே எடுக்கப் போவதில்லை. பைக்கு மேலேயே காட்டுகிறேன்.

இது பிரிட்டனில் பொதுமக்களுக்கு அரசே இலவசமாகக் கொடுத்தது. முதல் உலகப் போரில் விஷவாயு செய்த கொடுமையைப் பார்த்த தலைமுறை அது. அடுத்த போரில் வானத்திலிருந்தே வாயுக் குண்டு விழும் என்று பயந்தார்கள். 1939 செப்டம்பரில் போர் தொடங்குவதற்குள் சுமார் 3 கோடியே 80 லட்சம் மாஸ்க் கொடுத்து முடித்திருந்தார்கள். அட்டைப் பெட்டியில் கயிறு கட்டி, தோளில் மாட்டிக்கொண்டு போவார்கள். கடைசியில் பிரிட்டன் மேல் வாயுத் தாக்குதல் நடக்கவே இல்லை. அதனால்தான் இத்தனை மாஸ்க் பரணில் அப்படியே கிடந்து, இன்று சந்தைக்கு வருகிறது.

சரி, டப்பாவுக்கு வருவோம். முன்னால் தொங்குகிறதே இந்தத் தகர டப்பா, இதற்குள் வாயுவைப் பிடிக்கக் கரி இருக்கும். நச்சுப் புகைத் துகளைத் தடுக்க ஒரு பஞ்சு மாதிரி அடுக்கும் இருக்கும். அந்த அடுக்கில்தான் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்தார்கள். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்கு ஆபத்தான நார் அது. மக்களுக்குக் கொடுத்ததில் பெரும்பாலும் வெள்ளை வகை. ராணுவ மாஸ்க்கில் நீல வகை, அது இன்னும் மோசம்.

நம் ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரைக்குக் கீழேயே வளர்ந்தவர்கள் “இதற்கா இவ்வளவு?” என்று கேட்பீர்கள். ஷீட்டில் நார் சிமெண்டோடு இறுகியிருக்கும். உடைத்தால், அறுத்தால்தான் அதிகம் கிளம்பும். இங்கே சிமெண்ட் எதுவும் கிடையாது. எண்பது வருஷம் பழசான, தளர்ந்த பஞ்சு. இந்த மாஸ்க்கில் இழுக்கிற மூச்சு முழுக்க டப்பா வழியாகத்தான் உள்ளே வரும், விடுகிற மூச்சு மட்டும் கன்னத்தோரம் வெளியேறும். நான் ‘புர்ர்’ விடுவதற்கு முன்னால் எதை இழுத்தேன் என்று யோசித்துப் பாருங்கள். ஒருமுறை மாட்டியதற்காக உடனே பயந்து சாக வேண்டியதில்லை, ஆபத்து அளவைப் பொறுத்தது. ஆனால் உங்கள் கையில் இருக்கும் டப்பா எவ்வளவு உதிர்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

போர்க்காலத்தில் இதைத் தயாரித்த பெண்கள்தான் பாவம். பிளாக்பர்ன், நாட்டிங்காம் ஊர்களின் தொழிற்சாலைகளில் அந்த நாரைக் கையாலேயே எடுத்து அடைத்திருக்கிறார்கள். நாட்டிங்காமில் நீல நாரோடு வேலை செய்தவர்களில் பலர், பல பத்தாண்டுகள் கழித்து மீசோதீலியோமா என்கிற, நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் புற்றுநோயில் இறந்தார்கள். இதைப் படித்த பிறகு எனக்கு அந்த ஷார்ட்ஸைப் பார்க்கவே கூச்சமாகிவிட்டது.

2014-ல் பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு ஆணையம் பழைய மாஸ்க்குகளைச் சோதித்துப் பார்த்துவிட்டு, பள்ளிப் பிள்ளைகள் இவற்றை மாட்டவோ தொடவோ கூடாது என்று அறிவுறுத்தியது.

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். ஜன்னலைத் திறந்து வைத்து, நுண்ணிய தூசைத் தடுக்கும் எஃப்எஃப்பி3 மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஈர டிஷ்யூவால் மேஜையைத் துடைத்தேன். பழைய மாஸ்க்கைத் தட்டவில்லை, உதறவில்லை. அப்படியே தடித்த பையில் போட்டு மூடி, அதை இன்னொரு பையில் போட்டு, ‘ஆஸ்பெஸ்டாஸ், திறக்காதே’ என்று எழுதி ஒட்டினேன். அது வந்த அட்டைப் பெட்டிக்கும் இதே கதிதான், டப்பாவிலிருந்து உதிர்ந்த தூசு அதில்தானே விழுந்திருக்கும். துடைத்த டிஷ்யூவும் கையுறையும் தனிப் பையில். வீட்டு வேக்குவம் கிளீனரைத் தொடவே கூடாது, நாரை அறை முழுக்க ஊதிவிடும். “டப்பாவை மட்டும் கழற்றிக் குப்பையில் போட்டுவிடலாமே” என்றும் நினைக்காதீர்கள். கழற்றும்போதுதான் அதிகம் உதிரும். மாஸ்க் வேண்டாம் என்றால் உங்கள் ஊர் கவுன்சிலைக் கேளுங்கள், அது அபாயக் கழிவு.

காட்சிக்கு வைக்க ஒரு மூடிய அக்ரிலிக் பெட்டி வாங்கினேன். பையோடு வைத்தால் அழகாக இல்லைதான், பளபளவென்று விளக்கு அடிக்கிறது. பரவாயில்லை. ஜன்னல் பக்கம் மட்டும் வைக்காதீர்கள், வெயில் பட்டால் ரப்பர் விறைத்து வெடிப்பு விடும். அம்மா வீடியோ காலில், “கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவேன்” என்றார். எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பிப் பிசுபிசுத்துப் போகும் அம்மா!

அப்புறம் போன ஞாயிறு அதே கடைக்காரரிடம் போனேன். மேஜையில் இன்னொரு மாஸ்க், பக்கத்தில் ஒரு பையன் அதைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொல்லி, கொண்டுபோயிருந்த இரண்டு ஜிப் பைகளைக் கொடுத்தேன். மனிதர் தாடையைச் சொறிந்தார், மாஸ்க்கைப் பையன் கையிலிருந்து மெதுவாக வாங்கிப் பைக்குள் போட்டார். பிறகு விலைச்சீட்டில் 15-ஐ அடித்துவிட்டு 17 என்று எழுதினார்.