எம்.டி.ஆர். அவசரப்படுவாரா?

எல்லோருக்கும் வணக்கம். மாதாமாதம் ஆளுக்கு ஓர் ஒலிப்பதிவைக் கொண்டுவந்து போட்டுக் கேட்கிறோம். இன்று என் முறை. அதற்கு முன்னால் கொஞ்சம் பேசிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரொம்ப வருடத்துக்கு முன் ஒரு நண்பர் எனக்குக் கேசட் ஒன்று கொடுத்தார். மேலே பென்சிலில் 'எம்.டி.ஆர்.' என்று மட்டும் எழுதியிருந்தது. கனத்த குரலில் நிதானமாகப் பாடுவதற்குப் பேர்போன கர்நாடக சங்கீத வித்வான் எம்.டி.ராமநாதன்தான். எந்த ஊர்க் கச்சேரி, எந்த வருடம், பக்கவாத்தியம் யார், ஒன்றும் கிடையாது. 1902-இல் கல்கத்தாவில் பதிவான இசைத்தட்டுகளின் கடைசியில் இந்துஸ்தானிப் பாடகி கவுஹர் ஜான் தன் பெயரைத் தானே சொல்லி முடிப்பார். அந்த அம்மாளுக்கு இருந்த முன்யோசனை நமக்கு இல்லை!

சரி, கேசட்டைப் போட்டேன். இந்தோள ராகம், 'சாமஜவரகமனா' கீர்த்தனை. குரல் அவருடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் ஏதோ உறுத்தியது. கீழே இறங்கும்போது அந்தக் கனம் இல்லை. மிருதங்கத்தில் தொப்பி, அதாவது கனமாக ஒலிக்கிற இடது பக்கம், எழும்பவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், மனிதர் அவசரப்படுகிறார். எம்.டி.ராமநாதனாவது, அவசரப்படுவதாவது! பழைய 78 கிராமபோன் தட்டு என்றாலும் ஒப்புக்கொள்வேன். ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான், பெரிய வித்வான்களே ஓடித்தான் ஆக வேண்டும். இது கச்சேரி டேப்.

விஷயம் இதுதான். பதிவு செய்த மெஷினில் பெல்ட் தொய்ந்து டேப் மெதுவாக ஓடியிருந்தால், அதை நல்ல மெஷினில் போடும்போது பாட்டு வேகமாகிவிடும். கூடவே சுருதியும் ஏறிவிடும். நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூடினால் போதும், சுருதி அரைக் கட்டை, அதாவது ஆர்மோனியத்தில் அடுத்த கட்டைக்கு, ஏறிப் போய்விடும்.

எவ்வளவு இறக்குவது? 'அவர் சுருதி எனக்குத் தெரியாதா' என்று காதை நம்பி இறக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவாகச் சம்மதமில்லை. ஒலிப்பதிவு வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் வழி சொன்னார். தம்புரா மட்டும் கேட்கிற இடத்தில் அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் இருந்தது. அது பதிவு செய்யும்போதே டேப்பில் ஏறிவிட்ட கரண்டின் இரைச்சல். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். இந்தக் கேசட்டில் அது 53 காட்டியது. அதை 50-க்கு இறக்கினோம். தொப்பி எழும்பியது. அவர் 'சாமஜ' என்று எடுத்துவிட்டு, அடுத்ததற்கு வருவதற்குள் நாம் ஒரு வாய் காப்பி குடித்துவிடலாம் போலிருந்தது. அதுதான் எம்.டி.ஆர்.!

அதனால் 'இரைச்சலை எல்லாம் எடுத்துச் சுத்தம் பண்ணிவிட்டேன்' என்று பதிவு கொடுக்கிற நண்பர்களே, அழுக்கோடு இருக்கிற மூலத்தையும் சேர்த்துக் கொடுங்கள். முன்வரிசையில் இருமுகிறவரையும் விட்டுவையுங்கள், பாவம்.

இப்போது போடப்போகிறேன். விளக்கு எரியட்டும். அந்த ஃபேனை மட்டும் யாராவது நிறுத்துங்கள்.