தமிழ்99 கற்க ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம், ஒரு சார்ட் போதும்!

வணக்கம் மக்களே! இன்றைக்கு டைப்ரைட்டர் ரிப்பன் மாற்றுவது, மெஷின் துடைப்பது எதுவும் கிடையாது. நம் டைப்பிங் சென்டரில், கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கும் கீபோர்டு முறையான தமிழ்99 வகுப்பு ஆரம்பித்துவிட்டது, எனக்குத் தலைகால் புரியவில்லை.

யார் யார் படிக்கிறார்கள் தெரியுமா? பிளஸ் டூ முடித்த ஒரு பொண்ணு, குரூப் 4 தட்டச்சர் வேலைக்காக மெஷினில் லோயர் என்ற தட்டச்சுத் தேர்வு எழுதப்போகிறவள். கூட்டுறவு வங்கியில் ஓய்வு பெற்ற ஒரு ஐயா, ஊர்க்கோயில் வரலாற்றைத் தானே டைப் செய்து புத்தகமாகப் போடவேண்டும் என்று வந்திருக்கிறார். மூன்றாவது, நம் சாரே! இத்தனை வருஷம் யளனகப என்று முதல் பாடத்திலிருந்து மெஷினில் ஊரையே தட்டவைத்தவர், இப்போது கம்ப்யூட்டர் அக்காவிடம் மாணவராக உட்கார்ந்திருக்கிறார்.

முதல் நாளே சண்டை. ஐயாவுக்குக் கீபோர்டில் தமிழ் எழுத்து தெரியவேண்டுமே என்று அக்கா ஸ்டிக்கர் வாங்கிவைத்திருந்தார், கூரியரோடு 240 ரூபாய். சார் ஒட்டவே விடவில்லை. "கீயைப் பார்த்து அடிக்கிறவனுக்கு ஸ்பீடே வராதும்மா, சுவரைப் பார்த்து அடிக்கச் சொல்லு" என்றார். நான் முழுக்க சார் பக்கம். மெஷினோ கம்ப்யூட்டரோ, கண் கீழே போனால் விரல் கற்றுக்கொள்ளாது.

சரி, சுவரில் சார்ட் வேண்டுமே. ஃப்ளெக்ஸ் கடையில் 2க்கு 3 அடி, சதுர அடி 15 ரூபாய், ஆக 90 தான் வரவேண்டும். கடைக்காரர் டிசைன் சார்ஜ் சேர்த்து 250 கேட்டார். எழுத்துகளை நானே வரிசையாக அடித்து எடுத்துப் போயிருக்கிறேன், இதில் டிசைன் எங்கே இருக்கிறது? நின்று பேசி 100 ரூபாய்க்கு முடித்தேன், அதில் எனக்கு ரொம்பப் பெருமை. ஆனால் மாட்டியதும் ஐயா கேட்டார், "பொட்டுப் பொட்டாக வட்டம் போட்டிருக்கே, இது என்ன எழுத்தும்மா?" புள்ளியைத் தனியாக அடித்தால் கம்ப்யூட்டர் அதற்குக் கீழே ஒரு வட்டத்தைத் தானாகப் போட்டுவிடும், அது அப்படியே அச்சாகிவிட்டது. அக்கா வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டி, ஸ்கெட்ச்சில் புள்ளி வைத்துவிட்டார்.

தமிழ்99 ஏன் பிடிக்கும் என்று சொல்கிறேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்தது. உயிர் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். 'அம்மா' வேண்டுமா, அ, ம, ம, ஆ, நாலே தட்டு, நடுப்புள்ளி தானாக விழும். ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி கீ. போனில் இங்கிலீஷ் எழுத்தை அடித்துத் தமிழ் வரவைக்கும் முறை எனக்கு அறவே பிடிக்காது, தமிழ் எழுத இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை ஏன் யோசிக்கவேண்டும்?

அந்தப் பொண்ணுக்கு இது சட்டென்று பிடிபட்டது, கஷ்டப்பட்டவர் சார்தான். காரணம் இருக்கிறது. தமிழ் மெஷினில் புள்ளியை முதலில் தட்டவேண்டும், தாளைத் தாங்கும் வண்டி நகராது, பிறகு எழுத்தைத் தட்டினால் புள்ளிக்கு அடியில் வந்து உட்காரும். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தமிழ் தட்டச்சுப்பொறியில் கொண்டுவந்த நகரா விசை அது, அருமையான யோசனை. கம்ப்யூட்டரில் எழுத்து முதலில், புள்ளி பிறகு. சாருடைய கை புள்ளிக்கே முந்திக்கொண்டு ஓடியது. பக்கத்தில் இருந்த பொண்ணு, "சார், எழுத்துக்கு அப்புறம் புள்ளி சார்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள், அவரும் "சரிம்மா" என்று அழித்துவிட்டு அடித்தார். அதே பொண்ணு மெஷினுக்கு மாறியதும், போனில் கட்டைவிரலை மட்டும் பழக்கிவைத்த கையில் சுண்டுவிரல் கீயை அழுத்தவே மாட்டேன் என்கிறது. இப்போது சார் பின்னால் நின்று, "சுண்டு விரலம்மா, சுண்டு விரல்" என்கிறார். பாடம் நடத்த இதைவிட நல்ல ஏற்பாடு நான் பார்த்ததில்லை.



வட்டம் இல்லாத சார்ட்டைக் கீழே போட்டிருக்கிறேன். கடையில் படமாகவே கொடுங்கள், டிசைன் சார்ஜ் கேட்டால் கொடுக்காதீர்கள்.