முத்தம் காலுக்கா, காணிக்கா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். இடைக்கால ஐரோப்பாவில் பிரபுவையும் அவருக்கு அடங்கிய குறுநிலப் பிரபுவையும் பிணைத்தது நிலமா, விசுவாசமா? விசுவாசமே என்று பேச வந்திருக்கிறேன். ஆண்டுக்கு 40 நாள் படைச் சேவை, பிரபுவின் மூத்த மகள் திருமணத்துக்கு நிதி, அவர் சிறைப்பட்டால் மீட்புப் பணம் என்று குறிப்பெல்லாம் எடுத்து வந்தேன். அது பையிலேயே இருக்கட்டும். நிலம் பெறுகிறவன் பிரபுவின் பாதத்தை முத்தமிடுவதைப் பற்றி எதிரணி ஐயா போகிற போக்கில், "முத்தமிட்டது காலுக்கு அல்ல, காணிக்கு" என்றார். நீங்களும் கைதட்டிவிட்டீர்கள். இனி எனக்கு வேறு வேலை இல்லை.

911ஆம் ஆண்டு, பிரான்சின் எப்த் ஆற்றங்கரை. கொள்ளையடித்துத் திரிந்த வைக்கிங் தலைவன் ரோலோவுக்கு மன்னர் சார்லஸ் நிலம் தருகிறார். பின்னாளில் நார்மண்டி ஆன நிலம். மன்னரின் கைகளுக்குள் தன் கைகளை வைத்தான் ரோலோ. "பாதத்தை முத்தமிடு" என்றார்கள் கிறிஸ்தவ ஆயர்கள். மாட்டேன் என்றான்! தன் வீரன் ஒருவனை ஏவினான். அந்தப் புண்ணியவான் குனிந்தானா? நின்றபடியே மன்னரின் பாதத்தைப் பிடித்தான். தூக்கினான். முழங்கால் உயரம்... இடுப்பு உயரம்... மன்னர் ஒற்றைக் காலில் தள்ளாடுகிறார். நடுவர் ஐயா எழுந்து நின்று காட்டினால் அவைக்கு விளங்கும். வேண்டாம், ஐயா, தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டும். இன்னும் தூக்கினான். பாதம் வாய்க்கு வந்தது, மன்னர் மல்லாந்து மண்ணுக்குப் போனார்! கூட்டம் சிரித்துத் தீர்த்ததாம். நூறாண்டு கழித்து டூடோ என்ற பாதிரியார் எழுதியது. கொஞ்சம் காரம் சேர்த்திருப்பார். அவரும் நம் இனம்தான்.

காணிக்குத்தான் முத்தம் என்றால் ரோலோ ஏன் மறுத்தான்? ஒரு முத்தத்துக்கு நார்மண்டி! நானாக இருந்தால் இரண்டு காலுக்கும் கொடுத்திருப்பேன். குனிந்தால் கட்டுப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், ஐயா.

மணி அடிக்கிறீர்கள். ஒரே நிமிடம்.

1189 ஜூலை. சினோன் கோட்டையில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி சாகக் கிடக்கிறார். மகன் ரிச்சர்ட் பிரெஞ்சு மன்னரோடு சேர்ந்து அப்பன்மேல் படையெடுத்துவிட்டான். துரோகிகள் பட்டியலைப் படிக்கிறார்கள். முதல் பெயர் செல்ல மகன் ஜான். உயிர் போனதும் வேலைக்காரர்கள் உடுத்திய துணியைக்கூட உருவிக்கொண்டு ஓடினார்கள். மன்னரின் வீரன் வில்லியம் மார்ஷல் ஓடவில்லை. சில வாரங்களுக்கு முன்பு, துரத்தி வந்த ரிச்சர்டின் குதிரையைக் குத்திக் கொன்று கிழவரைத் தப்பவைத்தவன் அவன். இனி அதே ரிச்சர்ட்தான் மன்னன். அவன் காலில் போய் விழாமல், ஃபோன்தெவ்ரோ மடம் வரை பிணத்தோடு போனான்.

பிறகு ரிச்சர்ட் அவனை மன்னித்து, பெரும் சொத்துக்காரியை மணமுடித்துக் கொடுத்தானே என்று எதிரணி துள்ளும். துள்ளட்டும். அன்று அந்தப் பிணத்திடம் கொடுப்பதற்கு ஒரு முழத் துணிகூட இல்லை, நடுவர் அவர்களே. வணக்கம்.