சத்தம் ஒன்பது, தெளிவு ஒன்று
(அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருப்பதோடு கூட்டம் முடியும்வரை இருப்பதாகவும் வாக்குக் கொடுத்திருக்கும் பேராசிரியர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை அழகாகச் சொல்லி முடித்துவிட்ட நண்பர் அவர்களே, எங்களுக்கெல்லாம் மோர்ஸ் என்ற தந்திக் குறியீட்டைச் சொல்லிக் கொடுத்த, இன்றைக்கும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் அவர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். மைக் செட் தம்பிக்குத் தனி வணக்கம். இந்த மண்டபத்தில் யாருடைய பேச்சையும் நிறுத்தும் அதிகாரம் அவர் ஒருவருக்குத்தான் இருக்கிறது. முதல் வரிசையில் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவரும் வந்து அமர்ந்திருக்கிறார். அவரை நான் கூப்பிட்டது ஏன் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கும் போகப் போகத் தெரியும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, செய்தியும் அன்றாட வாழ்வும். ஒரு ஹாம் ரேடியோக்காரன் இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறான் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று விஷயங்களைப் பேசுகிறேன். ஒன்று, செய்தி. இரண்டு, வீடு. மூன்று, இளைஞர்கள். மூன்றுக்கும் சேர்த்து எனக்கு ஒரே பழமொழிதான். என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்: ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

எங்கள் பொழுதுபோக்கு தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஹாம் ரேடியோ, அமெச்சூர் வானொலி, இரண்டும் ஒன்றுதான்: உரிமம் வாங்கி, சொந்தக் கருவியில், ஆசைக்காக வானலையில் மற்றவர்களோடு பேசுவது. நாங்கள் வானலையில் ஒருவரைச் சந்தித்ததும் முதலில் அவருடைய சிக்னல் எப்படி வந்து சேர்கிறது என்று மதிப்பெண் சொல்வோம். அந்த மதிப்பெண்ணில் இரண்டு பகுதி உண்டு. முதல் எண் தெளிவு. அதற்கு ஒன்று முதல் ஐந்து வரை. இரண்டாவது எண் வலிமை. அதற்கு ஒன்று முதல் ஒன்பது வரை. இரண்டையும் ஏன் தனித்தனியாகச் சொல்கிறோம்? காது கிழிகிற மாதிரி ஒரு சிக்னல் வரும், ஒரு சொல் புரியாது. முனகல் மாதிரி இன்னொன்று வரும், எழுத்து எழுத்தாகப் புரியும். வலிமை வேறு, தெளிவு வேறு. பல்லாண்டுப் பழக்கத்தில் எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பாடம் இது.

இன்றைய செய்தியைப் பாருங்கள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து, பின்னணியில் முரசு, ஒரே நேரத்தில் ஆறு பேர் பேசும் விவாதம். வலிமைக்கு ஒன்பது கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம். தெளிவுக்கு? ஒன்று. அதுவும் இரக்கப்பட்டு. நாம் செய்கிற தப்பு என்னவென்றால், சத்தமாக வந்தது உண்மையாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பத்துப் பேர் அனுப்பிவிட்டார்கள் என்றால் அது செய்தி ஆகிவிடுகிறது.

எங்கள் ஆட்களும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. யார் அதிகம் பேரோடு தொடர்பு கொள்கிறார்கள் என்று போட்டி வைக்கும் நாட்களில் எல்லோரும் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 59 கொடுப்போம், அதாவது தெளிவு ஐந்து, வலிமை ஒன்பது. "உங்கள் சிக்னல் 59, அருமை! உங்கள் அழைப்புக்குறியை இன்னொரு தடவை சொல்லுங்கள், காதில் விழவில்லை" என்போம். அழைப்புக்குறி என்றால் உரிமத்தோடு எங்களுக்குக் கிடைக்கும் வானலைப் பேர். பெரியவர் சிரிக்கிறார் பாருங்கள், அவருக்கு இந்தக் கோபம் ரொம்ப நாளாக உண்டு.

சரி, ஒரு கதை சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

1912 ஏப்ரல் 14, இரவு. டைட்டானிக் கப்பல். எல்லோருக்கும் தெரிந்த கதைதான், ஆனால் நான் சொல்லப் போவது கப்பலின் வானொலி அறைக் கதை. அங்கே ஜாக் பிலிப்ஸ், ஹரால்ட் பிரைட் என்று இரண்டு இளைஞர்கள். முந்தைய நாள் கருவி பழுதாகி, பயணிகளின் தந்திகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. பிலிப்ஸ் விடாமல் கேப் ரேஸ் கரை நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்ற கலிபோர்னியன் கப்பலிலிருந்து சிரில் எவன்ஸ் என்ற இன்னொரு இளைஞர், "எங்களைச் சுற்றிப் பனிக்கட்டி, நின்றுவிட்டோம்" என்று சொல்ல வருகிறார். பக்கத்துக் கப்பல் என்பதால் சிக்னல் காதைப் பிளக்கிறது. பிலிப்ஸுக்கு எரிச்சல். "வாயை மூடு, எனக்கு வேலை இருக்கிறது" என்று தட்டிவிட்டார். எவன்ஸ் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு, கருவியை அணைத்துப் படுக்கப் போய்விட்டார். இரவு 11.40-க்கு மோதல்.

கவனியுங்கள். அன்று வலிமையான சிக்னலில் வந்தது முக்கியமான செய்தி. அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. கார்பேத்தியா என்ற இன்னொரு கப்பலில் ஹரால்ட் காட்டம் படுக்கப் போகும் நேரத்தில் இன்னும் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் இருந்தார். அதனால் எழுநூறு பேர் அளவுக்குப் பிழைத்தார்கள். 1,500 பேருக்கு மேல் போனார்கள்.

இது எல்லோரும் சொல்கிற பாதி. அடுத்த பாதியைக் கேளுங்கள். மறுநாள் பத்திரிகைகள் என்ன போட்டன தெரியுமா? பால்டிமோரின் ஈவ்னிங் சன் தலைப்பு: டைட்டானிக் பயணிகள் அனைவரும் பத்திரம்! கப்பலை ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்கு இழுத்து வருகிறார்கள் என்று வேறு செய்தி. எப்படி வந்தது இது? பிற்பாடு சொன்ன விளக்கம், "டைட்டானிக் பயணிகள் எல்லோரும் பத்திரமா?" என்று யாரோ கேட்ட கேள்வியும், வேறொரு கப்பலை ஹாலிஃபாக்ஸுக்கு இழுத்துப் போகிறோம் என்ற தகவலும் வானலையில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்பது. ஒரு கேள்வியின் வால் அறுந்தது, பதிலாகிவிட்டது. சொல்லுங்கள், ஊர் வாயை மூட உலைமூடி இருக்கிறதா?

இப்போது வேல்ஸுக்கு வாருங்கள். பிளாக்வுட் என்ற ஊருக்குப் பக்கத்தில் கெல்லிக்ரோஸ் என்று ஒரு பழைய மாவு ஆலை, ஆற்று நீரில் சக்கரம் சுற்றும் ஆலை. அங்கே ஆர்ட்டி மூர் என்று இருபதுகளில் ஓர் இளைஞர். சிறு வயதில் விபத்தில் காலின் கீழ்ப்பகுதி போய், மரக்கால். கல்லூரிப் படிப்பெல்லாம் கிடையாது. தானே கருவி செய்து, ஆலையிலிருந்து வெளியே ஆண்டெனாக் கம்பி இழுத்துக் கட்டி, இரவிரவாகக் காது கொடுத்துக் கேட்கிற பித்து. அந்த இரவில், அட்லாண்டிக்கின் மறுபக்கத்திலிருந்து டைட்டானிக்கின் அபாய அழைப்பு முனகலாக அவர் காதில் விழுந்தது. ஓடிப் போய் ஊர்க்காரர்களிடம் சொன்னார், போலீஸ் நிலையத்தில் சொன்னார். யார் நம்பினார்கள்? மரக்கால் ஆலைக்காரன், கம்பியைக் கட்டிக்கொண்டு கடலில் கப்பல் மூழ்குவதைக் கேட்டானாம்! சிரித்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஓரிரு நாள் கழித்து உண்மைச் செய்தி வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் அதே ஆர்ட்டி மூர் மார்க்கோனி என்ற வானொலி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அதுவரை சிரித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று வரலாறு எழுதி வைக்கவில்லை.

பத்திரிகைக்கு வலிமை ஒன்பது, ஆலைக்காரருக்கு ஒன்றோ இரண்டோ. ஆனால் தெளிவு எவரிடம் இருந்தது? அந்தத் தெளிவு அவருக்கு எதனால் கிடைத்தது? வெளியே கட்டிய கம்பியால் கிடைத்தது. இந்த இடத்தில் சங்கத் தலைவர் ஐயா கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

கதைக்கு ஒரு வாலும் உண்டு. அந்தக் குழப்பத்துக்கெல்லாம் பழி அமெச்சூர்கள் தலையில் விழுந்தது. அந்தக் காலத்து அமெச்சூர்கள் வரைமுறை இல்லாமல் வானலையை நிறைத்தார்கள் என்பதும் உண்மைதான், மறைக்க மாட்டேன். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா சட்டம் போட்டு, 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளத்தில் வரக்கூடாது என்று அவர்களைக் கீழே தள்ளியது. உருப்படாத அலை என்று எல்லோரும் ஒதுக்கி வைத்திருந்த இடம் அது. அங்கே தள்ளப்பட்டவர்கள் சும்மா இருந்தார்களா? 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரத்து அமெச்சூர் லியோன் டெலாய், அமெரிக்க அமெச்சூர் ஃப்ரெட் ஷ்னெல்லோடு 100 மீட்டரை ஒட்டிய அலையில் கடல் தாண்டிப் பேசிவிட்டார். சிற்றலை உலகம் அப்படித்தான் திறந்தது.

இனி செய்திக்கு எங்களிடம் என்ன மருந்து என்று கேட்பீர்கள். எங்கள் குறிப்பேட்டைப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் தேதி, உலகப் பொது நேரம், அலைவரிசை, யாரோடு பேசினோம், என்ன மதிப்பெண். இரண்டு பக்கக் குறிப்பும் ஒத்துப் போனால்தான் அந்தத் தொடர்பு கணக்கில் சேரும். ஒத்துப் போகவில்லையா, அடித்துவிடுவோம். நீங்கள் காலையில் எழுந்ததும் கைப்பேசியில் வரும் வெள்ளக் காட்சிக்குத் தேதி இருக்கிறதா? எடுத்தவர் பேர் இருக்கிறதா? எங்கள் சட்டத்தில் பேர் இல்லாமல் பேச முடியாது. அமெரிக்காவில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அழைப்புக்குறியைச் சொல்லியாக வேண்டும். பொருளை மறைக்கும் ரகசியக் குறியீட்டில் பேசவும் கூடாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம், சொன்னவன் இன்னான் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவசரச் செய்தியைக் கைமாற்றும்போது இன்னும் கறார். ரேடியோகிராம் என்று ஒரு படிவம் உண்டு. அதில் செய்தியில் எத்தனை சொல் என்று தலைப்பிலேயே எழுத வேண்டும். வாங்குகிறவர் எண்ணிப் பார்ப்பார். பதினான்கு சொல் என்று சொல்லிவிட்டுப் பதினைந்து வந்தால், உடனே நிறுத்தித் திரும்பக் கேட்பார். நடுவில் இருப்பவர் தன் கருத்தாக ஒரு சொல் சேர்க்கக் கூடாது. "மிகவும்" என்றுகூடச் சேர்க்கக் கூடாது. வதந்தியில் முதலில் சேர்கிற சொல் எப்போதும் "மிகவும்"தான்.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது போர்ட் பிளேரில் வேறு நோக்கத்துக்காகப் போயிருந்த ஒரு ஹாம் குழு இருந்தது. மற்றத் தொடர்புகள் அறுந்த நிலையில், தீவுகளிலிருந்து நலச் செய்திகளை வெளியே கொண்டு சேர்த்தார்கள். அங்கேயும் வேண்டியிருந்தது மின்கலம், கருவி, அப்புறம் வெட்டவெளியில் ஒரு கம்பி. கம்பி இல்லாமல் கருவி வெறும் பெட்டி.

இரண்டாவது விஷயம், வீடு. சுருக்கமாக முடிக்கிறேன். எங்கள் பேச்சில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். முடித்ததும் "ஓவர்" சொல்லி, ஒரு மூச்சு இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளி எதற்கு? அவசரம் என்று யாராவது உள்ளே வர நினைத்தால் அவருக்கு வழி. வீட்டுச் சண்டைகளில் இந்த ஒரு மூச்சை விட்டுப் பாருங்கள், பாதிச் சண்டை தானாக ஓயும். மீதிப் பாதிக்கு நான் பொறுப்பில்லை. என் மனைவி பின்வரிசையில் இருக்கிறார், அவர் ஒரு தடவை என்னிடம் "ஓவர்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வீடு என்றதும் இன்னொன்று. இன்றைக்கு வீடுகளில் ரேடியோ கேட்கவே முடியவில்லை. மலிவான சார்ஜர், விலை குறைந்த எல்இடி விளக்கு, சோலார் இன்வெர்ட்டர், எல்லாம் சேர்ந்து சிற்றலையில் ஒரே இரைச்சல். அறைக்குள் ஆண்டெனா வைத்தால் பக்கத்து வீட்டு விளக்குதான் கேட்கும். மொட்டை மாடிக்குப் போனால்தான் உலகம் கேட்கும். அதனால்தான் நான் ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருக்கிறேன்: மொட்டை மாடியில் ஒரு கம்பிக்கு இடம் கொடுங்கள்.

குடியிருப்போர் சங்கத்திலிருந்து எனக்கு வந்த பதில் கடிதத்தில், முடியாது என்பதற்கு மூன்று காரணம் இருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கும், இடியை இழுக்கும், கதிர்வீச்சு வரும். அதே மாடியில் துணி காயப்போடுகிற கம்பி இருக்கிறது, என் ஆண்டெனாவைவிட இரண்டு மடங்கு தடிமன். அதை யாரும் அசிங்கம் என்று சொல்லவில்லை. இடி நியாயமான பயம். அதற்காக முறையாக எர்த் செய்து, மின்னல் தடுப்பான் வைத்து, மழை மேகம் கண்டால் இணைப்பைக் கழற்றிவிடுவோம். கதிர்வீச்சுக்குப் பாதுகாப்பான தூரத்தைக் கணக்குப் போட்டுத் தாளில் தருகிறேன். எங்களில் ஐந்து வாட்டில் கடல் தாண்டிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், சின்ன இரவு விளக்கின் சக்தி. இவ்வளவு சொன்ன பிறகும், நான் வேவு பார்க்கிறேன் என்று படிக்கட்டில் ஒரு பேச்சு. விடுங்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆனால் நேரில் வந்து கேட்பவருக்கு ஹெட்ஃபோனைக் கொடுத்துவிடலாம். ஞாயிறு மாலை யார் வேண்டுமானாலும் வரட்டும்.

இளைஞர்களைப் பற்றி நிறையப் பேச வைத்திருந்தேன். தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு அமெச்சூர் அலையில் பேசுகிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அந்தப் பிள்ளைக்கும் கூரை மேல் ஓர் ஆண்டெனா வேண்டும், அவ்வளவுதான்.

வாசலில் ஒரு மனு வைத்திருக்கிறோம். அதில் கேட்பது இதுதான்: கட்டிடத்துக்கு ஒன்று என்று, இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் சுமார் இருபது மீட்டர் கம்பி, ஆள் உயரத்துக்கு மேலே, உரிமம் உள்ள ஒருவர் பொறுப்பில். செலவு அவருடையது, சங்கத்துடையது இல்லை. பேரோடு வீட்டு எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள், எழுதாத கையெழுத்தை எங்கள் வழக்கப்படி கணக்கில் சேர்க்க மாட்டோம். சங்கத் தலைவர் ஐயா இங்கேயே இருப்பதால் நகலை இன்றே அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். நன்றி, வணக்கம்.