தலையை எண்ணினார்கள், வாக்கை எடுத்தார்கள்

திருகோணமலையில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: 'இடம்பெயர்ந்த மக்களின் அடையாளத்தைத் தீர்மானிப்பது பண்பாடா, அதிகாரமா?' அதிகாரமே என்ற அணியில் நான் பேசியது இது.

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் தம்பி, அக்கா, எங்கள் அணிக்காரர், பொழுதுபடுவதற்கு முதலே வந்து கதிரை பிடித்துக் காத்திருந்த ஊர்ச்சனம் எல்லோருக்கும் வணக்கம்.

தம்பி அழகாகப் பேசினார். பாரிஸ் லா சப்பல் தெருவில் தேர் ஓடுகிறது, ரோட்டில் தேங்காய் உடைக்கிறார்கள், கனடாவில் ஜனவரி மாதத்தையே தமிழ் மரபுத் திங்கள் ஆக்கிவிட்டார்கள், எங்கே போனாலும் தமிழன் தமிழன்தான், ஆகவே பண்பாடுதான் எல்லாம் என்றார். கேட்க எனக்கும் நெஞ்சு நிறைந்தது. ஆனால் தம்பி, அந்த மாதத்துக்கு அந்தப் பெயரை வைத்தது யார்? 2016இல் கனடா நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு வைத்த பெயர் அது. 1986இல் 155 தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் தத்தளித்து, அந்த ஊர் மீனவர் கண்டு கரைசேர்த்தார்களே, அன்றைக்கும் அவர்களிடம் மொழி இருந்தது, சாமி இருந்தது, ஊர்ப்பெயர் இருந்தது. இருக்கலாம் என்று சொல்லும் தாள் ஒன்றுதான் இல்லை. அந்த நாட்டு அரசு அந்தத் தாளைக் கொடுத்தது. அதற்குப் பிறகு குடியுரிமை, அதற்குப் பிறகு வாக்கு, வாக்கு வந்த பிறகுதான் வேட்பாளர்கள் கோயில் திருவிழாவுக்கு வரத் தொடங்கினார்கள், மாதத்துக்குப் பெயரும் வந்தது. வரிசையை மாற்றிச் சொல்லக் கூடாது.

சரி, இப்போது பக்கத்துக் கடலைப் பார்ப்போம். 1983க்குப் பிறகும் 1990இலும் இந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் மன்னார்ப் பக்கம் போய் வள்ளமேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள்! சொந்தத்தில் ஒருவராவது அப்படிப் போகாத குடும்பம் இந்த மண்டபத்தில் குறைவாகத்தான் இருக்கும். பண்பாடுதான் தீர்மானிக்கும் என்றால் முதலில் வேர்விட்டிருக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே? இறங்கிய கரையில் அதே மொழி, அதே முருகன், அதே பொங்கல், வானொலியில் அதே பாட்டு. கனடாவுக்குப் போனவருக்குப் பனியும் விளங்காத மொழியும்தான். ஆனால் பனிக்குள் போனவர் சில வருடங்களில் அந்த நாட்டுப் பிரஜை ஆனார், அவருடைய பிள்ளை தேர்தலில் நிற்கிறது. தமிழ் பேசுகிற மண்ணுக்குப் போனவர்களில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் முப்பது நாற்பது வருடம் கழித்தும் முகாமில். அங்கேயே பிறந்து அங்கேயே படித்த பேரப்பிள்ளை படிவத்தில் 'எந்த நாட்டவர்' என்ற கட்டத்துக்கு முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறது. தமிழ்நாட்டுச் சனம் அன்பு காட்டவில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். சோறு போட்டார்கள், பள்ளிக்கூடத்தில் இடம் கொடுத்தார்கள், மாநில அரசு மாதாமாதம் உதவிப்பணமும் கொடுக்கிறது. ஆனால் குடியுரிமை கொடுக்கும் அதிகாரம் டில்லியில் இருக்கிறது. 2019இல் அங்கே குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைப் பெயர் சொல்லி எழுதினார்கள். இலங்கை அதில் இல்லை.

அந்தக் கரையில் மண்டபம் முகாம் என்று ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்தவர்களை நோய் இருக்கிறதா என்று சோதிக்கத் தடுத்துவைத்த இடம் அது. பிறகு இங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அங்கே தங்கினார்கள், அதற்கும் பிறகு போரில் தப்பிப் போனவர்கள். மணல் அதே மணல், காற்று அதே காற்று. உள்ளே இருந்த மனிதருக்கு மட்டும் கூலி, தாயகம் திரும்பியவர், அகதி என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது, மூன்றும் ஏதோ ஒரு கந்தோரில் வைத்த பெயர்.

நடுவர் அவர்களே, இதைப் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டு நான் இங்கே வரவில்லை. என் அம்மாவின் ஆட்கள் மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துச் சனம். 1977 கலவரத்துக்குப் பிறகு திருகோணமலைக்கு வந்தவர்கள். அம்மாயியிடம் (மலையகத்தில் அம்மம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு தகரப்பெட்டி இருந்தது, அதன் அடியில், கலியாணச் சேலைக்கும் கீழே, நாலாக மடித்த ஒரு தாள். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்பக்கம் வேறு கடுதாசி வைத்துச் சோற்றுப்பசையால் ஒட்டியிருந்தது. அவருடைய அப்பா பிரஜாவுரிமை கேட்டு எழுதிய மனு ஏற்றுக்கொள்ளப்படவில்லை என்று சொல்லும் கடிதம் அது. ஆங்கிலத்தில். வீட்டில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது, கணக்கப்பிள்ளைதான் வாசித்துச் சொன்னாராம். வாசித்து முடித்த பிறகு அப்பா ஒன்றும் பேசாமல் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார் என்று அம்மாயி சொல்லுவார். அன்றைக்கும் மாரியம்மன் கோயிலில் காமன்கூத்து நடந்தது, அன்றைக்கும் தப்பு முழங்கியது, பண்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அவர் இந்த நாட்டவர் இல்லை என்று ஒரு தாள் சொல்லிவிட்டது, அவ்வளவுதான்.

அந்தத் தாளுக்குப் பின்னால் இருந்த கணக்கை இளம் பிள்ளைகள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். 1931இலேயே வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்று வந்த நாடு இது. 1947 தேர்தலில் தோட்டத்துச் சனத்தின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனம் பிடித்தது. வேறு பல தொகுதிகளிலும் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்கு விழுந்தது. அடுத்த வருடமே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம். இங்கே பிறந்தால் மட்டும் போதாது, உன் அப்பன் இங்கே பிறந்தவன் என்று காட்டு, அது முடியாவிட்டால் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு என்றது அந்தச் சட்டம். பிறப்பையே ஒழுங்காகப் பதியாத, தோட்டத்து வரிசைவீடுகளான லயங்களில் இருந்த சனம் எந்தத் தாளைக் காட்டும்? 1949இல் இன்னொரு சட்டம் வந்தது, இத்தனை வருடம் இடைவிடாமல் இங்கே இருந்தாய் என்று நிரூபித்தால் பதிந்துகொள்ளலாம் என்று. எட்டு இலட்சம் பேருக்கு மேல் கேட்டார்கள், கிடைத்தது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு. அதே 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி வாக்கையும் எடுத்தார்கள். 1952 தேர்தலிலிருந்து 1977 வரைக்கும் அந்த மக்கள் வாக்குப் போட்டு அனுப்பிய தங்கள் ஆள் ஒருவர்கூட நாடாளுமன்றத்தில் இல்லை. இன்னும் கேளுங்கள். ஒரு மாகாணத்துக்கு எத்தனை ஆசனம் என்று பிரிக்கும்போது சனத்தொகையைப் பார்த்துத்தான் பிரித்தார்கள், அந்தச் சனத்தொகையில் வாக்கில்லாத தோட்டத்துச் சனத்தையும் சேர்த்து எண்ணினார்கள். தலை கணக்கில் உண்டு, வாக்கு கிடையாது. அந்தத் தலைகளால் கூடிய ஆசனங்களை வேறு ஆட்கள் நிரப்பினார்கள்.

தமிழ் என்ற ஒரே மொழி இதைத் தடுத்ததா? இல்லை. பதிந்துகொள்ளலாம் என்ற அந்த 1949 சட்டத்துக்குக் கை உயர்த்தியவர்களில் வடக்கிலிருந்து போன தமிழ் உறுப்பினர்களும் இருந்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அதைப் பொறுக்காமல் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து வந்துதான் செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

அப்புறம் 1964. இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்று நின்ற தோட்டத்துச் சனம் மொத்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று வைத்து, 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். பாக்கைக் கூறு போடுகிற மாதிரி மனிதரைக் கூறு போட்டார்கள், அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாயியின் தம்பி இந்தியப் பக்கத்துக் கூறில் விழுந்தார், அம்மாயி எந்தப் பக்கமும் இல்லாமல் நாடற்றவராக நின்றார், ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர். தலைமன்னார்க் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். ஓடுகிற பெட்டியின் யன்னலில் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மேடை முடியும் மட்டும் ஓடினேன் என்று அம்மாயி சொன்னதை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தரமும் அந்த இடத்தில் வலது கையை நீட்டிக் காட்டுவார். தம்பி நீலகிரியில் மறுபடியும் கொழுந்து பறித்தார். இங்கே இருக்கும்வரைக்கும் அவரை 'இந்தியாக்காரன்', கோபம் வந்தால் 'கள்ளத்தோணி' என்றார்கள். அங்கே போனதும் 'சிலோன்காரர்' ஆனார்.

இனி நம்முடைய ஊர். மலையில் ஒரு சனத்தின் வாக்கைப் பறித்த அதே காலத்தில், இங்கே கந்தளாயிலும் அல்லையிலும் அரசே காடு வெட்டி, குளம் கட்டி, வாய்க்கால் இழுத்து, வேறு மாவட்டங்களிலிருந்து சனத்தைக் கொண்டுவந்து குடியேற்றியது. வந்தவர்களில் பெரும்பாலோர் சொந்தக் காணியில்லாத ஏழைகள், அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை, அவர்களும் வயிற்றுக்காக வந்தவர்கள்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோட்டத்துச் சனமும் சரி, இவர்களும் சரி, ஏதோ ஒரு தலைமுறையில் பிறந்த இடத்தை விட்டுப் பிழைக்கப் போனவர்கள். அரசு விரும்பிய ஆளுக்குக் காணி, தண்ணீர், வாக்கு, கடைசியில் தொகுதியும் கிடைத்தது. 1976இல் எல்லைகளைத் திருத்தியபோது சேருவில என்ற புதுத் தொகுதி இந்த மாவட்டத்தில் உண்டானது. முதலிக்குளம் என்ற ஊரின் பெயர் மொறவெவ என்று சிங்களத்தில் ஆனது. 1881இல் இந்த மாவட்டத்தில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்த சிங்கள மக்கள் 1981இல் மூன்றில் ஒரு பங்கு. மூதூர், கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் சகோதரர்களைக் கேளுங்கள், அவர்களுக்கும் இதே காணிக் கவலை உண்டு. 1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி மாநாடு கூடியது இந்தத் திருகோணமலையில்தான். தோட்டத் தொழிலாளருக்குக் குடியுரிமை வேண்டும், தமிழர் பகுதியில் திட்டமிட்ட குடியேற்றம் நிற்க வேண்டும் என்ற இரண்டையும் ஒரே தீர்மானத்தில் சேர்த்தார்கள். வாக்கைப் பறித்ததும் குடியேற்றியதும் ஒரே கையின் வேலை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அக்கா கடைசியாகச் சொன்னார், சட்டம் மாறும், தாலாட்டு மாறாது என்று. நல்ல வரி. 1923இல் லொசான் நகரத்தில் கிரேக்கமும் துருக்கியும் ஒப்பந்தம் போட்டு, மதத்தைப் பார்த்துச் சனத்தை மாற்றிக்கொண்டன, பதினைந்து இலட்சம் பேருக்கு மேல். கப்படோக்கியாவில் தலைமுறை தலைமுறையாகத் துருக்கி மொழி மட்டுமே பேசிய கிறிஸ்தவர்களை 'நீங்கள் கிரேக்கர்' என்று சொல்லிக் கப்பலேற்றினார்கள். கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்களை 'நீங்கள் துருக்கியர்' என்று துருக்கிப் பக்கம் அனுப்பினார்கள். அந்தக் கப்பலில் பிள்ளையைத் தூங்கவைத்த தாய் துருக்கி மொழியில்தான் பாடியிருப்பாள் அக்கா. அந்தத் தாலாட்டு அவளை ஊரில் நிறுத்திவைக்கவில்லை. இறங்கிய இடத்திலும் அவர்களைத் 'துருக்கி வித்து' என்றுதான் ஏசினார்கள்.

பண்பாடு ஒன்றுமில்லை என்று நான் சொல்லவே இல்லை. அம்மாயியை உயிரோடு வைத்திருந்தது அதுதான், அந்தத் தப்புச் சத்தமும் மாரியம்மனும்தான். ஆனால் அவர் யார் என்று எழுதுகிற பேனா வேறு கையில் இருந்தது, அந்தக் கையை அசைக்க வாக்கு தேவைப்பட்டது. 1977இல் தோட்டத் தொழிலாளரின் தலைவர் தொண்டமான் வென்று நாடாளுமன்றத்துக்கு உள்ளே போன பிறகுதான் கதவு மெல்லத் திறந்தது, குடியுரிமை கொடுக்க 1988இல் ஒரு சட்டம், 2003இல் ஒருவரும் எதிர்க்காமல் இன்னொன்று.

அந்த 2003 சட்டத்துக்குப் பிறகுதான் அம்மாயிக்கு அடையாள அட்டை வந்தது, எழுபதை நெருங்கிய வயதில். கிராம சேவகர் வீட்டிலிருந்து நான்தான் வாங்கிக்கொண்டு வந்தேன். வாசற்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், கையைச் சேலையில் துடைத்துவிட்டு அட்டையை வாங்கினார், படத்தைப் பார்க்கவில்லை, திருப்பி என்னிடமே தந்து வாசி என்றார். பெயரை வாசித்தேன், பிறந்த திகதியை வாசித்தேன். பிறந்த இடம், தலவாக்கலை என்று வாசித்தபோது, அந்த வரியை மட்டும் இன்னொரு தரம் வாசி என்றார்.

நன்றி, வணக்கம்.