டிக்கெட் மெஷின் கேக்கற அந்த ஒரு கேள்வி

வணக்கம் மக்களே! ஸ்டேஷன்ல நிக்கற ஏடிவிஎம், அதாவது தானியங்கி டிக்கெட் மெஷின் பத்தி இன்னைக்குப் பேசுவோம். படிக்காதவங்களுக்குத்தான் இது வராதுன்னு சொல்றாங்க. அது உண்மை இல்லைங்க. நல்லாப் படிச்சவங்களும் இது முன்னாடி திணறி நிக்கறாங்க. குறை, அது கேள்வி கேக்கற விதத்துல இருக்கு.

ஊரு, எத்தனை பேருன்னு கேட்டுட்டு, எந்த வகை ரயில்னு கேக்கும். சாதாரணமா, மெயில் எக்ஸ்பிரஸ்ஸா, சூப்பர்ஃபாஸ்ட்டா? தாம்பரத்துல இருந்து விழுப்புரம் போறவருக்கு "வைகையில போறேன்"னு தெரியும். வைகை சூப்பர்ஃபாஸ்ட்னு அவருக்கு யாரு சொல்றது? கட்டணம் கம்மியா இருக்கேன்னு சாதாரணத்தைத் தொட்டுடுவாரு. அந்த டிக்கெட் வைகைக்குச் செல்லாது. பரிசோதகர் வந்தா மாட்டிக்குவாரு. வகையைக் கேக்காம ரயில் நம்பரைக் கேட்டாலே இந்தத் தொல்லை தீர்ந்துடும்.

அதுவரைக்கும் இதை மனசுல வச்சுக்கோங்க. ரயில் நம்பர்ல மொத்தம் 5 இலக்கம். பொதுவா 12, 20, 22னு ஆரம்பிச்சா சூப்பர்ஃபாஸ்ட். 4னா புறநகர் ரயில். 5, 6னா பாசஞ்சர், மெமு (மின்சாரத்துல ஓடற பாசஞ்சர்).

ஊர் பேர்லயும் ஒரு தலைவலி இருக்கு. திருச்சியை இங்கிலீஷ்ல தேடும்போது டி-க்கு அப்புறம் ஹெச் வருமா வராதான்னு யோசிச்சு நிப்பீங்க, பின்னாடி வரிசை நீளும். ஸ்டேஷன் குறியீடு தெரிஞ்சா நல்லது: திருச்சிக்கு டிபிஜே, தாம்பரத்துக்கு டிபிஎம், செங்கல்பட்டுக்கு சிஜிஎல், எழும்பூருக்கு எம்எஸ்.

குழந்தைக்குத் தனியா எண்ணிக்கை போடணும். 5 வயசுக்குக் கீழன்னா டிக்கெட்டே வேண்டாம். 5 முடிஞ்சு 12 ஆகாத பிள்ளைக்கு அரை டிக்கெட்.

முன்னாடியே பணம் போட்டு வைக்கற ரயில்வே ஸ்மார்ட் கார்டு வச்சிருக்கறவங்க கவனிங்க. கார்டை அதுக்கான இடத்துல வைக்கறீங்க, திரையில கட்டணம் வருது, "சரி"யை அழுத்தறீங்க. உடனே கை கார்டை எடுக்கப் போகும். எடுக்காதீங்க! டிக்கெட் முழுசா வெளிய வர்ற வரைக்கும் கார்டு அங்கேயே இருக்கட்டும். நடுவுல எடுத்தா பரிவர்த்தனை பாதியில நின்னுடும்.

க்யூஆர்ல கட்டறவங்களுக்கு நேரம்தான் எதிரி. ஸ்டேஷனுக்குள்ள சிக்னல் மந்தமா இருக்கும், அதுக்குள்ள திரையில நேரம் முடிஞ்சுடும். அதனால போன்ல யூபிஐ செயலியை முன்னாடியே திறந்து வச்சுட்டு, அப்புறமா க்யூஆரை வரவழைங்க. பணம் போய் டிக்கெட் வரலைன்னா பதறாதீங்க. பரிவர்த்தனை எண்ணை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. கடைக்குக் கட்டின யூபிஐ பணம் இப்படிச் சிக்கினா, அன்னையில இருந்து 5 நாளுக்குள்ள தானா திரும்பணும்னு ரிசர்வ் வங்கி 2019-ல விதி போட்டிருக்கு. தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆனா டிக்கெட் கையில இல்லாம ரயில் ஏறிடாதீங்க, பணம் கட்டின மெசேஜ் டிக்கெட் ஆகாது.

மெஷின் பக்கத்துல உதவிக்கு ஆள் நிப்பாங்க, பல பேரு ஓய்வுபெற்ற ரயில்வேக்காரங்க. அவங்ககிட்டயே கேட்டு வாங்கினாலும் நகர்றதுக்கு முன்னாடி சீட்டைப் படிச்சுப் பாருங்க. ஊரு, ஆள் கணக்கு, முக்கியமா ரயில் வகை.